நடுவில் நின்ற ஊசி

செம்பாக்கம்,
21.4.1986

அன்புத் தங்கை தையல்நாயகிக்கு,

அண்ணன் ஜெயவேலு எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, ஜெயக்கொடி மூவரும் சுகம், என் முழங்கால் மட்டும் எங்களோடு சேராது. நாக்பூரில் வெயில் மண்டையைப் பிளக்கிறதென்று ரேடியோவில் சொன்னார்கள். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

முதல் சேதி, நம் பெண் ஜெயக்கொடிக்கு இடம் அமைந்துவிட்டது. செங்கல்பட்டுப் பையன். பாங்கில் வேலை, அடக்கமானவன். போன வாரம் வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். ஆவணி கடைசியில், செப்டம்பர் பதினொன்றாம் தேதி முகூர்த்தம். தாம்பரத்தில் மண்டபம் பேசியாயிற்று. பையனுக்கு வேதாசலம் என்று ஒரு சித்தப்பா. புதிதாக மாருதி வேன் வாங்கியிருக்கிறார், அவர் பேச்சில் பாதி அந்த வேன்தான். "பொண்ண எங்க வேன்லயே கூட்டிகினு போயிடலாம், ஸ்டீரியோ கூட கீது" என்றார். "எங்க வூட்டுப் பொண்ணு எங்க வண்டியிலதான் வரும்" என்று நான் பட்டென்று சொல்லிவிட்டேன். உன் அண்ணி என் காலை மிதித்தாள். மிதித்தால் மிதிக்கட்டும்.

அடுத்தது அந்த வண்டி விஷயம். நம் டாட்ஜ் காருக்கு ஒரு குறையும் இல்லை. இஞ்சின் அப்பா ஓட்டிய காலத்தில் இருந்த மாதிரியே முணுமுணுவென்று ஓடுகிறது. முன் பலகையில் கரண்டு பார்க்கும் அம்மீட்டர் இருக்கிறதே, அதுதான் சமீபமாகத் தகராறு. ஊசி நடுங்குகிறது. கண்ணாடி உள்பக்கம் பழுப்பேறிவிட்டது. ஹெட்லைட்டும் ஹாரனும் சேர்த்துப் போட்டால் ரப்பர் கருகும் வாசனை வருகிறது. தாம்பரத்தில் நம் மெக்கானிக் பக்தவச்சலம் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகள் முழுக்க அலசிவிட்டான், அதே மாதிரி மீட்டர் கிடைக்கவில்லை. நீ பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் பாடம் நடத்துகிறாய், உன்னைக் கேட்டுப் பார்க்கலாம் என்று உன் அண்ணி நச்சரிக்கிறாள். அவள் தொல்லை பொறுக்காமல் எழுதுகிறேன். பழைய மீட்டரையே பிரித்துச் சரிபண்ண முடியுமா?

பதில் போடு.

உன் அண்ணன்,
து. ஜெயவேலு


நாக்பூர்,
3.5.1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

தையல். நானும் எட்மண்டும் நலம். அண்ணியின் முதுகுவலி தேவலையா? பொங்கல் வாழ்த்து அட்டையைத் தவிர உன் கையெழுத்தில் ஒரு கடிதம் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது. தபால்காரர் நீட்டியபோது, வேறு யாருக்கோ வந்தது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன்.

ஜெயக்கொடிக்குக் கல்யாணமா! நான் கடைசியாகப் பார்த்தபோது பாவாடையில் மசியைக் கொட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எனக்கு இருக்கிற சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

மீட்டருக்கு வருகிறேன். அதைப் பிரிக்காதே, சரிபண்ணாதே, கழற்றிப் போடு. ஸ்டார்ட்டர் தவிர உன் வண்டியில் ஓடுகிற கரண்டு எல்லாம், விளக்கு, ஹாரன், நீ ஆசைப்பட்டு மாட்டிய மஞ்சள் விளக்குகள் உட்பட, அந்தச் சின்ன மீட்டருக்குள் நுழைந்துதான் வெளியே வருகிறது. வயசான ஒயர், தளர்ந்துபோன இணைப்பு. தளர்ந்த இடம் சூடாகும், சூடான இடம் இன்னும் தளரும். வீட்டுக்குள் எது வந்தாலும் போனாலும் தன்னைக் கேட்டுத்தான் போகவேண்டும் என்று வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி அது. நம் குடும்பத்திலும் அப்படி ஒருவர் உண்டு, பெயர் சொல்லமாட்டேன். அவருக்கும் அடிக்கடி சூடாகும்.

அந்த இடத்தில் வோல்ட்மீட்டர் போடு. அதற்குள் கரண்டு ஓடாது. ஓரமாக நின்று, பாட்டரி எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும், அவ்வளவுதான். தீப்பிடிக்கிற பயம் இல்லை.

எட்மண்டும் இதையே சொன்னார். உன் முழங்காலை விசாரித்தார்.

அன்புடன்,
தையல்


செம்பாக்கம்,
24.5.1986

அன்புத் தங்கைக்கு,

இங்கு எல்லோரும் சௌகரியம். உன் உடம்பு எப்படி?

உன் கடிதத்தைப் படித்தேன். உன் படிப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நீ படித்தது புஸ்தகத்து வண்டி. இது நம் வண்டி. உரக்கடையைச் சிமென்ட் கடையாக மாற்றியவன் நான், எதையும் மாற்றப் பயந்தவன் என்று நினைத்துவிடாதே. இந்த டாட்ஜில் மட்டும் எதுவும் மாறாது. அப்பா வாங்கும்போது என்ன இருந்ததோ அதுதான் இருக்கும்.

நினைத்துப் பார். அத்தை, சித்தியின் பெண்கள் இரண்டு பேர், பங்காளி வீட்டுப் பெண்கள், இந்த வாசலில் இருந்து புறப்பட்ட பெண்கள் எல்லோரும் இதன் பின்சீட்டில் உட்கார்ந்துதான் புருஷன் வீட்டுக்குப் போனார்கள். ஏரிக்கரையை ஒரு சுற்று, செல்லியம்மன் கோயில் வாசலில் நிறுத்திக் கற்பூரம், அதற்கப்புறம்தான் ஊர் எல்லை தாண்டும். அப்பாவுக்குப் பிறகு நான்தான் ஓட்டுகிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு மனுஷன் இந்த வண்டியின் பின்னால் கைவைத்துத் தள்ளியது கிடையாது. செம்பாக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேள், 'தள்ளாத வண்டி' என்றுதான் சொல்வார்கள்.

மீட்டரில் ஊசி நடுவில் நின்றால் வண்டி நிம்மதியாக இருக்கிறது என்று அப்பா சொல்வார். அந்த ஊசியைப் பார்த்துத்தான் நான் வண்டி ஓட்டக் கற்றேன். அதைக் கழற்றி எறிய மனசு வரவில்லை. பக்தாவை விட்டு இணைப்பை இறுக்கச் சொல்லியிருக்கிறேன். அது போதும்.

உன் அண்ணன்,
து. ஜெயவேலு


செம்பாக்கம்,
20.6.1986

அன்புள்ள தையலுக்கு,

கிளியம்மாள் எழுதுகிறேன். நீ நல்லா இருக்கியா, உன் வீட்டுக்காரர் நல்லா இருக்காரா? எனக்கு எழுதிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது, கூட்டிப் படித்துக்கொள். உனக்கு எழுதக்கூடாது என்று உன் அண்ணன் சொல்லியிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கத்தில் என் அக்காவைப் பார்த்துவிட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினோம். எதிரே மாடு வந்தது. ஹாரன் அடித்தார். மீட்டருக்குப் பின்னால் இருந்து குபுகுபுவென்று புகை. நானும் ஜெயக்கொடியும் கதவைத் திறந்துகொண்டு ரோட்டில் குதித்தோம். உன் அண்ணன் பானட்டைத் திறந்து வெறும் கையால் பாட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தார். வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். கல்யாணப் பெண் வயல் வரப்பில் நின்று இருமுகிறாள், இவர் என்னடாவென்றால் "வண்டிக்கு ஒண்ணும் ஆவல, வண்டிக்கு ஒண்ணும் ஆவல" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த வாசலில் இருந்து புறப்பட்ட பெண்கள் எல்லோரும் இந்த வண்டியில்தான் போனார்கள் என்று உனக்கு எழுதினாராமே. பெருமையாக அவரே சொன்னார். பக்கத்தில் இருந்திருந்தால் பேனாவைப் பிடுங்கியிருப்பேன். எட்மண்டோடு ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்டு, தாம்பரம் ஸ்டேஷனில் எலக்ட்ரிக் டிரெயின் ஏறிப் போனாயே, அன்றைக்கு இந்த வண்டி ஷெட்டில்தான் நின்றது. டாங்க் நிறையப் பெட்ரோல் இருந்தது. எனக்குத் தெரியும்.

நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. ஆனால் மீட்டரைப் பற்றி இன்னொரு தடவை எழுது. இப்போது எழுதினால் கேட்பார்.

உன் அண்ணி,
கிளியம்மாள்


நாக்பூர்,
29.6.1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. அண்ணி, ஜெயக்கொடி சுகமா? உன் கைகள் இரண்டும் சுகமா?

சும்மா ஒரு யோசனை தோன்றியது, எழுதுகிறேன். என்றைக்காவது நீயாகவே அந்த மீட்டரை மாற்ற நினைத்தால் உதவும். பழைய அம்மீட்டரில் தடித்த ஒயர் இரண்டு இருக்கும். அவற்றை எடுத்து, ஒன்றோடு ஒன்று சேர்த்து போல்ட் போட்டு முறுக்கி, மேலே ரப்பர் சுற்றி மூடிவிட வேண்டும். புது மீட்டரில் அவற்றை மாட்டவே கூடாது, மாட்டினால் விளக்குகூட எரியாது. வோல்ட்மீட்டருக்கு மெல்லிய ஒயர் இரண்டு போதும். ஒன்று சாவி திருப்பினால் கரண்டு வருகிற இடத்துக்கு, மற்றது வண்டியின் பாடிக்கு. முதலில் பாட்டரியைக் கழற்றிவிட்டு வேலை செய்யச் சொல்.

பழைய மீட்டரின் வெள்ளி வளையத்தைக் கழற்றிப் புதியதன் மேல் பொருத்தலாம். பார்த்தால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. வேதாசலத்துக்கும்தான்.

அப்பா உன்னை ஓட்ட வைத்தபோது பின்சீட்டில் நின்றுகொண்டு நானும் அந்த ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் கரண்டு படிக்கப் போனதே அதனால்தானோ என்னவோ. உன்னிடம் சொன்னதில்லை.

எட்மண்ட் உன் முழங்காலுக்கு ஏதோ தைலம் சொன்னார், அடுத்த தடவை எழுதுகிறேன்.

தையல்


செம்பாக்கம்,
12.8.1986

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. கல்யாண வேலையில் பதில் தாமதம்.

ஒரு நல்ல சேதி. நன்றாக யோசித்து, நானாகவே வோல்ட்மீட்டர் போட முடிவு செய்தேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினேன், எட்டில் இருந்து பதினாறு வரை எண் போட்டது. தடித்த ஒயர் இரண்டையும் சேர்த்து முறுக்கி மூடிவிட்டோம். வெள்ளி வளையத்தையும் மாட்டினோம். பழைய மீட்டரைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்திருக்கிறேன். முன் பலகையைப் பார்த்தால் அப்பாவே ஏமாந்துபோவார்.

முதலில் ஒரு சிக்கல். இஞ்சின் ஓட ஓட ஊசி வலது பக்கம் ஏறிப் பதினாலில் போய் நின்றது. எனக்குத் திக்கென்றது. பாட்டரியைக் கொதிக்கவிடும் போலிருக்கிறதே என்று பக்தாவைக் கூப்பிட்டேன். அவன், "இன்னா சார் பெரிய விஷயம், கட்-அவுட்டுல ஸ்பிரிங்க கொஞ்சம் லூஸ் பண்ணா எறங்கிடும் சார்" என்று, டைனமோ பாட்டரிக்கு ஊட்டும் கரண்டைக் கட்டுப்படுத்துகிற கட்-அவுட் பெட்டியைத் திறந்து சரிக்கட்டினான். இப்போது ஓடும்போதும் ஊசி பன்னிரண்டில், நட்ட நடுவில், அசையாமல் நிற்கிறது. அப்பா காலத்தில் நின்ற அதே இடம். உனக்குப் பெருமையாக இருக்கும்.

பத்திரிகை அச்சாகிவிட்டது. தனியாக அனுப்பியிருக்கிறேன்.

உன் அண்ணன்,
து. ஜெயவேலு


தந்தி
நாக்பூர், 18.8.1986

ஊசி நடுவில் நிற்பது தவறு. பாட்டரி பட்டினி. பதினாலுக்குத் திருப்பவும். உடனே.
தையல்


செம்பாக்கம்,
20.8.1986

தங்கை தையல்நாயகிக்கு,

சுகம். உன் சுகம் தந்தியிலேயே தெரிந்தது.

உனக்கு மூளை இருக்கிறதா? கல்யாண வீட்டுக்குத் தந்தி அடிப்பார்களா? தந்திக்காரன் சைக்கிள் மணியைக் கேட்டதும் உன் அண்ணி ஓவென்று அழ ஆரம்பித்தாள். பந்தல்காரர், நகை ஆசாரி, அடுத்த வீடு, எதிர் வீடு எல்லோரும் கூடிவிட்டார்கள். "யாரு போய்ட்டாங்க?" என்று கேட்கிறார்கள். நான் நின்றுகொண்டு, "ஊசி நடுவுல நிக்குது" என்று படித்துக் காட்டுகிறேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஊசியை வலது பக்கம் கொண்டுவரச் சொல்லி நானே ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். பக்தா பழையபடி ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டான். வண்டி பிரமாதமாக இருக்கிறது. எப்போதுமே அப்படித்தான் இருந்தது.

உன் அண்ணன்,
து. ஜெயவேலு

(மடிப்பில், வேறு கையெழுத்தில்:) தையலு, ஒட்டுவதற்கு என்னிடம் கொடுத்தார். நடந்ததை நான் சொல்கிறேன். உன் தந்தி வந்த அன்று மத்தியானம் பத்திரிகை வைக்கப் போனோம். தாம்பரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. பெட்ரோல் மிச்சம் என்று இஞ்சினை நிறுத்தினார். கேட் திறந்ததும் ஸ்டார்ட்டரை அமுக்கினால் 'டிக்' என்கிறது, அவ்வளவுதான். பின்னால் லாரி, பஸ், அதற்குப் பின்னால் மாருதி வேன். வேதாசலம்! ஒரு ஆட்டோக்காரர் ஓடிவந்து, "இன்னா சார், மக்கர் பண்ணுதா? நாலு பேர் கை வச்சா கெளம்பிடும் சார்" என்றார். "எவனும் கை வெக்காதே!" என்று இவர் கத்தினார். வேதாசலமும் இறங்கி வந்து, "தள்ளட்டுமா சம்பந்தி?" என்று கேட்டார். இவர் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "இல்ல சம்பந்தி, வெயிலா கீதேன்னு நிக்கிறோம்" என்கிறார். வெயில் தலைக்கு நேரே அடிக்கிறது. நான் ஆட்டோ பிடித்துப் போய் பக்தாவையும் வேறு ஒரு பாட்டரியையும் கூட்டிவரும் வரைக்கும் அசையவில்லை. ஊரே திட்டியது. ஆனாலும் தள்ளவிடவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறார், உன் தந்தி. எல்லோரும் போனபிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.


நாக்பூர்,
27.8.1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணியைப் பயமுறுத்தியதற்கு அவர்களிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ஊசி எங்கே நிற்கவேண்டும் என்று நான்தான் முதலிலேயே எழுதியிருக்கவேண்டும். வகுப்பில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம், உனக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அம்மீட்டரில் நடு என்றால் பாட்டரிக்குள் போவதும் இல்லை, அதிலிருந்து வருவதும் இல்லை, அப்பா சொன்ன மாதிரி நிம்மதி. வோல்ட்மீட்டரில் நடு என்பது பன்னிரண்டு. வண்டி ஓடும்போதும் பன்னிரண்டிலேயே நின்றால் டைனமோ ஒன்றும் ஊட்டவில்லை, பாட்டரி தன்னிடம் இருப்பதையே தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பதினாலுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். பழைய மீட்டரின் ஓட்டையில் உட்கார்ந்திருக்கிறதே தவிர, இது வேறு ஆள். பழைய கண்ணோடு பார்த்தால் புரியாது.

பத்திரிகை வந்தது, அழகாக இருக்கிறது. உறையின் மேல் 'து. தையல்நாயகி' என்று எழுதியிருந்தாய். அப்பாவின் முதல் எழுத்தோடு என் பெயரைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. வேறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

எனக்குத் தேர்வு வேலை இருக்கிறது. அந்த வாரம் லீவு கிடைக்காது போலிருக்கிறது. ஜெயக்கொடிக்கு ஒரு புடவை பார்சலில் அனுப்புகிறேன். அவள் வண்டியில் ஏறி உட்காரும்போது அத்தை கேட்டதாகச் சொல்.

தையல்


செம்பாக்கம்,
1.9.1986

மாப்பிள்ளை திரு. எட்மண்ட் அவர்களுக்கு,

செம்பாக்கம் ஜெயவேலு வணக்கம். நீங்கள் சௌக்கியமா? உத்தியோகம் எல்லாம் சௌகரியமாகப் போகிறதா? இந்த இரண்டு வரியை எழுதுவதற்குள் காலையில் இருந்து தாளைக் கிழித்துக் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தையல் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் உங்கள் பெயரை எழுதுவாள். நீங்கள் என் முழங்காலை விசாரித்தீர்கள், தைலம் சொன்னீர்கள் என்று ஏதாவது ஒரு வரி இருக்கும். போன கடிதத்தில் அது இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், மடிப்பிலும் பார்த்தேன், இல்லை. கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அவள் எழுதியதுகூட எனக்கு இரண்டாவதாகத்தான் கண்ணில் பட்டது.

நான் வாங்கிய பத்திரிகை உறைகள் சின்னவை. ஒரு பெயருக்கு மேல் பிடிக்கவில்லை. இப்போது பெரிய உறை வாங்கியிருக்கிறேன். இத்துடன் வேறு பத்திரிகை இருக்கிறது, மேலே இரண்டு பெயர். உங்கள் பெயர் முதலில்.

இன்னொரு விஷயம். வண்டியில் ஊசி பதினாலில் நிற்கிறது. இருந்தாலும் கல்யாணத்தன்று செங்கல்பட்டு வரைக்கும் போகவேண்டும். எனக்குப் பக்கத்தில், முன்சீட்டில், கரண்டு தெரிந்த ஆள் ஒருவர் இருந்தால் தைரியமாக இருக்கும். வீட்டு மாப்பிள்ளை உட்காரவேண்டிய இடம்தான் அது.

தையல் முரண்டு பிடிப்பாள். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அது உண்டு. நீங்கள் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
து. ஜெயவேலு


தந்தி
நாக்பூர், 5.9.1986

மச்சானுக்கு. இருவரும் வருகிறோம். ஒன்பதாம் தேதி ஜி.டி. எக்ஸ்பிரஸ், சென்ட்ரல். முழங்கால் எப்படி?
எட்மண்ட்


நாக்பூர்,
20.9.1986

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

சுகமாக வந்து சேர்ந்தோம். அண்ணி கட்டிக்கொடுத்த முறுக்கு வழியிலேயே தீர்ந்துவிட்டது. எட்மண்ட்தான் முக்கால்வாசி தின்றார். ஜெயக்கொடியிடம் இருந்து கடிதம் வந்ததா? அந்த வீடு அவளுக்குப் பிடித்திருக்கிறதா?

கண்ணை மூடினால் கல்யாணம்தான். தாம்பரம் கேட்டில் மறுபடியும் மாட்டிக்கொண்டோமே, நீ இஞ்சினை நிறுத்தவே இல்லை. ரயில் போகிறவரைக்கும் ஊசியைப் பார்ப்பதும் எட்மண்டைப் பார்ப்பதுமாக இருந்தாய். அவர் தலையை ஆட்டுவார், நீயும் ஆட்டுவாய். செங்கல்பட்டு வரைக்கும் வேதாசலத்தின் வேன் நம் பின்னால்தான் வந்தது. எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போல இருந்தது.

முந்தின நாள் மண்டபத்தில் நீ பேசியதும் என் காதில் விழுந்தது. தூணுக்கு அந்தப் பக்கம் நான் பூ கட்டிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது. வேதாசலத்திடம், "இந்த மீட்டரு என் தங்கச்சி போட்டது. நாக்பூர்ல இருந்துகினே சொன்னா, இங்க நாங்க மாட்டினோம். ஒரு லெட்டர்ல வண்டிய எழுப்புவா. அவ வூட்டுக்காரரும் அந்த லைன்தான்" என்றாய். அண்ணா, கையில் இருந்த சரம் அறுந்து பூவெல்லாம் தரையில் கொட்டிவிட்டது. என் வாழ்க்கையில் எத்தனையோ சர்டிபிகேட் வாங்கியிருக்கிறேன். எதற்கும் நான் அப்படி அழுததில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. சென்ட்ரலில் எங்களைக் கூப்பிட வந்தாயே, அன்றைக்கு எட்மண்டை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு எனக்குப் பின்கதவை நீயே திறந்துவிட்டாய். நான் பாட்டுக்கு ஏறி உட்கார்ந்தேன். தாம்பரம் தாண்டி வீட்டுப் பக்கம் திரும்பாமல் வண்டி ஏரிக்கரையில் ஏறியபோது, "எங்கண்ணா போற?" என்றேன். "ரோடு ரிப்பேரு" என்றாய். ஏரியைச் சுற்றி வந்தோம். ரோட்டில் ஒரு குழி இல்லை, ஒரு கல் இல்லை. செல்லியம்மன் கோயில் வாசலில் நிறுத்தினாய். பூசாரி கற்பூரத் தட்டோடு ரோட்டிலேயே நின்றிருந்தார். எட்மண்ட் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். நீ ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாய், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

என்ன ரிப்பேர் அண்ணா அது?

தையல்


செம்பாக்கம்,
26.9.1986

மாப்பிள்ளை எட்மண்டுக்கும் தங்கை தையல்நாயகிக்கும்,

இங்கு எல்லோரும் சுகம். மாப்பிள்ளைக்கு வேலை அதிகமா? வேளைக்குச் சாப்பிடச் சொல். அவர் சொன்ன தைலம் நன்றாகக் கேட்கிறது, முழங்கால் பாதி தேவலை. ஜெயக்கொடி எழுதியிருந்தாள், சந்தோஷமாக இருக்கிறாள். வண்டி சுகம், ஊசி பதினாலில்.

நீ கேட்டது. ரோடு ரிப்பேர்தான். நம்பாவிட்டால் பக்தாவைக் கேள், அவனுக்கும் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன். பூசாரி வேறு யாருக்காகவோ காத்திருந்தார்.

சுற்றிப் போகவேண்டி வரும் என்று தெரிந்துதான், முதல் நாளே டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டு வைத்திருந்தேன்.

உன் அண்ணன்,
து. ஜெயவேலு